ரூம்மேட் தம் அடிச்சதுக்கு எனக்கும் ஃபைனா? (ஹாஸ்டல் விதி தெரிஞ்சவங்க சொல்லுங்க)

மூணாம்_கட்டில் | வியாழன், இரவு 11:48

செகண்ட் இயர் இன்ஜினியரிங். காலேஜ் பேர் வேண்டாம், பைபாஸ் ஓரமா இருக்குன்னு வெச்சுக்கோங்க. ரூமுக்கு மூணு பேர். என் கட்டில் ஜன்னலை ஒட்டி.

நேத்து நைட் ரவுண்ட்ஸ்ல டெபுடி வார்டன் உள்ள வந்தார். ஜன்னல் திண்டுல ஒரு நூடுல்ஸ் கப், அதுல தண்ணி, தண்ணியில ஏழெட்டு பஞ்சு மிதக்குது. "யாருது?"ன்னார். மூணு பேரும் தரையைப் பாத்தோம். ஆளுக்கு 2000 ஃபைன், ஆபீஸ்ல வந்து கையெழுத்து போடுன்னுட்டார்.

நான் தொட்டதே இல்லை. எனக்கு சின்ன வயசுல இருந்து வீசிங். மேஜை மேல இன்ஹேலர் இருக்கு, அதையும் அவர் பாத்தார். "நீ அடிக்கலைன்னா ஏன் வந்து சொல்லல? தெரிஞ்சும் மறைச்சா நீயும் உடந்தை"ங்கிறார். சேரும்போது கையெழுத்து போட்ட உறுதிமொழியில "ரூமில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால் அறையில் உள்ள அனைவரும் பொறுப்பு"ன்னு ஒரு வரி இருக்காம். 14 பக்கம் சார் அது. அப்பா வெளிய ஆட்டோவை வெயிட்டிங்ல போட்டுட்டு நின்னார், எவன் படிச்சான்.

அடிக்கிறவன் கெட்டவன் இல்லை. போன செமஸ்டர் எனக்கு டெங்கு வந்தப்போ ராத்திரி ஒரு மணிக்கு பைக் கடன் வாங்கி ஜி.எச்.சுக்கு கூட்டிட்டுப் போனவன். அவனை மாட்டி விட எனக்கு மனசில்லை. 2000 ரூபா கட்டவும் வழியில்லை. ஃபீஸ் போர்ட்டல்ல ஏத்திட்டா அப்பா போனுக்கு மெசேஜ் போயிடும்.

இப்படி எல்லாருக்கும் சேத்து ஃபைன் போட சட்டத்துல இடம் இருக்கா?

ஏழரை_செமஸ்டர் | வெள்ளி, காலை 7:10

கட்டிட்டுப் போ தம்பி. ஹாஸ்டல்ல நியாயம் கேட்டவனுக்கு அடுத்த வருஷம் பாத்ரூம் பக்கத்து ரூம்.

சலான் | வெள்ளி, காலை 9:32

வக்கீல் தொழில்ல இருக்கேன், மூணு வருஷம்தான் ஆச்சு. ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா பாக்கணும்.

முதல்ல அரசாங்கச் சட்டம். புகையிலைப் பொருள்களுக்கான 2003-ம் வருஷச் சட்டம், சுருக்கமா கோட்பா. அதுல 4-ம் பிரிவு பொது இடத்துல புகைக்கத் தடை போடுது. பொது இடம்னா என்னன்னு சொல்ற பட்டியல்ல கல்வி நிறுவனம் பேர் சொல்லியே இருக்கு. மீறினா அபராதம் 200 ரூபாய் வரை. 200-தான், 2000 இல்லை. அதுவும் புகைச்சவனுக்கு. பக்கத்துல படுத்துத் தூங்கினவனுக்கு அந்தச் சட்டத்துல ஒரு பைசா கிடையாது.

இன்னொன்னு யாரும் கவனிக்கிறதில்லை. 2008-ல வந்த விதிகள்படி இடத்துக்குப் பொறுப்பானவர் ரெண்டு வேலை செய்யணும். ஒண்ணு, "இங்கே புகைப்பது குற்றம்"னு 60-க்கு 30 சென்டிமீட்டர் போர்டு. ரெண்டாவது, யாராவது மீறினா யார்கிட்ட புகார் கொடுக்கணும்னு அந்த ஆளோட பேரை எழுதி எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வைக்கணும். புகார் வந்தும் அவர் சும்மா இருந்தா அபராதம் அவர் தலையில. அதாவது பொறுப்பை நிர்வாகத்து மேலதான் சட்டம் வைக்குது, ரூம்மேட் மேல இல்லை. "ஏன் வந்து சொல்லல"ன்னு கேட்டாருல்ல, யார்கிட்ட சொல்லணும்னு எங்க எழுதியிருக்குன்னு நீ திருப்பிக் கேக்கலாம். மரியாதையா.

அடுத்தது காலேஜோட சொந்த ஃபைன். அது நீ கையெழுத்து போட்ட காகிதத்துல இருந்து வருது. அதனால கோட்பாவைக் காட்டி மட்டும் அதை அடிச்சுட முடியாது. ஆனா விசாரிக்காம, யார் செஞ்சதுன்னு தெரியாம எல்லாருக்கும் போட்டதை எதிர்த்துக் கேக்க வழி இருக்கு. யுஜிசி 2023 விதிகள்படி மாணவர் குறைதீர் குழு இருக்கணும். எழுத்துல கொடு, நகல்ல சீல் வாங்கு.

மூணாம்_கட்டில் | வெள்ளி, பகல் 1:05

சாப்பாட்டுக்குப் போறப்போ போர்டை போட்டோ எடுத்தேன் அண்ணா. மெஸ் வாசல்ல இருக்கு. "புகார் தெரிவிக்க வேண்டியவர்:"னு போட்டு அதுக்குப் பக்கத்துல ஒண்ணுமே எழுதல. வெறும் கோடு.

டீ_தம் | வெள்ளி, மாலை 4:20

எல்லாரும் சட்டம் பேசுறீங்க, அடிக்கிறவன் பக்கம் பேச ஒருத்தனாவது வேணுமில்ல. நான் பேசறேன்.

நான் படிச்சப்போ எங்க ஹாஸ்டல்ல ரூமுக்குள்ள யாரும் பத்த வெக்க மாட்டான். எழுதாத சட்டம். மொட்டை மாடி இருந்துச்சு. தண்ணி டேங்க் பின்னாடி போவான், ஒண்ணு அடிப்பான், இறங்கி வருவான். தேர்டு இயர்ல மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டாங்க. காரணம் வேற, அது நியாயமான காரணம்தான், அதைப் பத்தி நான் பேசல. கேட் 9 மணிக்கு மூடிடும். காம்பவுண்டுல இருந்து 100 கெஜத்துக்குள்ள சிகரெட் விக்கக்கூடாதுன்னு பெட்டிக்கடையையும் தூக்கிட்டாங்க. சரி. இப்ப ராத்திரி 11 மணிக்கு, நாளைக்கு செமஸ்டர், கை நடுங்குது, அவன் எங்க போவான்? ஜன்னலுக்குத்தான் போவான்.

பூட்டு போட்ட மாசத்துல இருந்து ரூமெல்லாம் நாத்தம். விதியைப் போட்டவங்களே புகையை மாடியில இருந்து இறக்கி மூணாம் கட்டிலுக்குக் கொண்டு வந்து விட்டாங்கன்னு சொல்றேன்.

நாலு வருஷம் அது வீடு சார். வீட்ல ஒருத்தன் என்ன செய்றான்னு கதவைத் திறந்து பாப்பீங்களா? ஜன்னலோரம் நின்னு வெளிய ஊதினா யாருக்கு என்ன?

நெஞ்சக_ஓபி | வெள்ளி, மாலை 6:02

> ஜன்னலோரம் நின்னு வெளிய ஊதினா யாருக்கு என்ன?

நெஞ்சு நோய்ப் பிரிவுல முதுநிலை படிக்கிறேன். இதுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்குது.

நீங்க வெளிய ஊதுறது கொஞ்சம்தான். பக்கத்துல இருக்கிறவன் மூக்குல போற புகையில பெரும்பங்கு நீங்க ஊதாத நேரத்துல விரலிடுக்குல சும்மா எரியுதே, அந்த நுனியில இருந்து வருது. அது ஃபில்டர் வழியா வர்றதில்லை. ஜன்னல்ல காத்து உள்ள அடிச்சா அத்தனையும் ஜன்னலோரக் கட்டில்ல படுத்திருக்கிறவனுக்குத்தான். அணைச்சு முடிச்ச பிறகும் மெத்தையில, தொங்கப் போட்ட சட்டையில நிகோடின் ஒட்டிக்கிட்டே இருக்கும். இவ்வளவு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு பாதுகாப்பான அளவே கிடையாதுன்னுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

மூணாம் கட்டில் தம்பிக்கு: சட்டத்தை அப்புறம் பாத்துக்கலாம். அவசரத்துக்கு அடிக்கிற இன்ஹேலரை வாரத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல எடுக்கிறியா? எடுத்தா உன் ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லைன்னு அர்த்தம். டாக்டரைப் பாரு. அப்படியே ஒரு சர்டிஃபிகேட்டும் வாங்கிக்கோ, ஹாஸ்டல் ஆபீஸ்ல பேச்சுக்கு இருக்கிற மதிப்பைவிட காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

டீ_தம் | வெள்ளி, மாலை 6:15

சரி டாக்டர், ஜன்னல் மேட்டரை வாபஸ் வாங்கிக்கிறேன். மாடிக் கதவு மேட்டரை வாங்க மாட்டேன்.

பழைய_டெபுடி | வெள்ளி, இரவு 10:40

ஆறு வருடம் ஒரு தனியார் கல்லூரியில் டெபுடி வார்டனாக இருந்தேன். இப்போது இல்லை, நிம்மதி. அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு நுரையீரல் பற்றிய கவலை இரண்டாவதுதான். முதல் கவலை நெருப்பு. ஒரு பொங்கல் விடுமுறைக்கு முந்தின இரவு, பையன்கள் பஸ் பிடிக்க ஓடும் அவசரம். எவனோ அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு துண்டைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். தொட்டி நிறைய ரெக்கார்டு பேப்பர். பக்கத்தில் பஞ்சு மெத்தை. பஞ்சு மெத்தை சட்டென்று பற்றி எரியாது. உள்ளுக்குள்ளேயே மணிக்கணக்கில் கனன்றுகொண்டு கிடக்கும். காலை நான்கு மணிக்கு வாட்ச்மேன் கதவிடுக்கில் புகையைப் பார்த்தார். தாழ்வாரத்தில் மாட்டியிருந்த தீயணைப்பானை எடுத்தால், இழுக்க வேண்டிய பின் துருவேறி வரவில்லை. மெஸ்ஸில் இருந்து அண்டாவில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். அறையில் யாரும் இல்லை, ஊருக்குப் போயிருந்தார்கள். இருந்திருந்தால்? அதன்பிறகு நான் எந்த அறைக்குள் போனாலும் முதலில் குப்பைத் தொட்டியைத்தான் பார்ப்பேன். (துருப்பிடித்த பின்னுக்கு யாருக்கும் ஃபைன் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.)

இரண்டாவது, சிகரெட் தனியாக வராது. சீனியர் ஒருவன் முதலாமாண்டுப் பையனிடம் 20 ரூபாயைக் கொடுத்து "ஓடிப்போய் ஒரு கிங்ஸ் வாங்கிட்டு வா" என்பான். இருவருக்கும் அது சாதாரண எடுபிடி வேலையாகத் தெரியும். அது ராகிங். தமிழ்நாட்டில் 1997-லேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. சிதம்பரத்தில் ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவரைக் கொன்ற பிறகு வந்த சட்டம். இரண்டு வருடம் வரை சிறை.

அறைக்கே சேர்த்து ஃபைன் போடுவது ஏன் என்றால், கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று பேரும் தரையைப் பார்ப்பார்கள், தம்பி எழுதியது போல. எல்லாருக்கும் போட்டால் அடுத்த முறை அவர்களே அவனைத் தடுப்பார்கள் என்று நம்பினோம். நடந்தது வேறு. காசைப் பங்கு போட்டுக் கட்டினார்கள். அடுத்த முறை கப்பைக் கட்டிலுக்கு அடியில் மறைத்தார்கள். மறைக்க உதவியவன் புகைக்காதவன். ஆறு வருடத்தில் நானே எத்தனை நல்ல பையன்களுக்குக் காவல் வேலை கற்றுக்கொடுத்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தம்பிக்கு யோசனை: ஃபைனை ரத்து செய்யுங்கள் என்று கடிதத்தை ஆரம்பிக்காதே. "எனக்கு ஆஸ்துமா, சான்று இணைத்துள்ளேன், புகையில்லாத அறை வேண்டும்" என்று எழுது. யார் பெயரும் வேண்டாம். அப்படி ஒரு கடிதம் கோப்பில் ஏறிவிட்டால் நாளைக்கு உனக்கு மூச்சு முட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் வார்டன். அது அவருக்கு உடனே புரியும்.

கொடியில்_துப்பட்டா | சனி, காலை 8:25

பாய்ஸ் ஹாஸ்டல்ல ஃபைனாவது போடுறாங்க. எங்க பக்கம் ஃபைனே கிடையாது, நேரா வீட்டுக்கு போன்.

எங்க ஃப்ளோர்ல ஒரு அக்கா பிடிபட்டாங்க. அவங்க அம்மா அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறி விடியக்காலை வந்து நின்னாங்க. ஆபீஸ் ரூம்ல ஒன்றரை மணி நேரம். நுரையீரல் பத்தி ஒரு வார்த்தை இல்லை, நெருப்பு பத்தி ஒரு வார்த்தை இல்லை. "நாளைக்கு எவன் கட்டிக்குவான்"தான் முழுக்க. அதே வாரம் அவங்க கிளாஸ் பையன் ஒருத்தன் அதே தப்புக்கு 1000 கட்டிட்டு சாயங்காலம் கிரிக்கெட் ஆடிட்டு இருந்தான்.

நான் சிகரெட்டுக்கு ஆதரவு இல்லை. அந்த நாத்தமே எனக்கு ஆகாது. ஆனா 200 ரூபாய்னு எழுதின சட்டத்துல ஆண் பெண்ணுன்னு இருக்கா சலான் அண்ணா?

சலான் | சனி, காலை 9:00

இல்லைம்மா.

மழைக்கோட்டு | சனி, பகல் 2:47

இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் பண்றேன், யுனிவர்சிட்டி அக்கமடேஷன்லதான் இருக்கேன். இங்க எப்படின்னு சொல்றேன்.

2007 ஜூலை 1-ல இருந்து மூடின பொது இடத்துல புகைக்கக்கூடாதுன்னு சட்டம். எங்க பிளாட்ல பொதுக் கிச்சன், காரிடார், படிக்கட்டு எல்லாம் அதுல வந்துடும். தனி ரூம் மட்டும் குடியிருக்கிற இடம்னு அந்தச் சட்டத்துக்கு வெளிய நிக்குது. அதனால ரூமுக்குள்ள தடுக்கிறது வாடகை ஒப்பந்தம்தான், சலான் சொன்ன கையெழுத்துக் காகிதம் மாதிரியே. ஆனா ஒரு வித்தியாசம். ரூம் ஒருத்தருக்கு ஒண்ணு. பிடிபட்டா அந்த ரூம்காரன்தான், பக்கத்து ரூமை இழுக்க மாட்டாங்க.

ரவுண்ட்ஸ் எல்லாம் கிடையாது. சீலிங்ல டிடெக்டர் இருக்கு, அது பாத்துக்கும். போன ஜனவரியில ஒருத்தன் அதுக்கு ஷவர் கேப்பை மாட்டிட்டு பத்த வெச்சான். கதவிடுக்கு வழியா வெளிய வந்து காரிடார் டிடெக்டர் கத்த ஆரம்பிச்சுது. ராத்திரி ரெண்டு மணி, வெளிய ஒரு டிகிரி, பில்டிங் மொத்தமும் போர்வையைச் சுத்திக்கிட்டு கார் பார்க்கிங்ல. நான் லுங்கி. புகைச்சதுக்கு விழுந்த அபராதத்தைவிட டிடெக்டரை மூடினதுக்கு விழுந்ததுதான் அவனுக்குப் பெருசு. நம்ம ஊர்ல எத்தனை ஹாஸ்டல்ல டிடெக்டர் பாத்திருக்கீங்க? மூக்கை வெச்சுதானே கண்டுபிடிக்கிறாங்க.

கொக்குவில்_பெடியன் | சனி, இரவு 8:11

எங்கட பக்கத்திலயும் உதே கதைதான். இலங்கையில 2006-ம் ஆண்டுச் சட்டப்படி 21 வயசு ஆகாத ஆளுக்குச் சிகரெட் விக்கேலாது. அப்பிடிப் பாத்தா கம்பஸ் ஹொஸ்டலுக்குப் புதுசா வாற பெடியள் கன பேருக்கு அதை வாங்கவே ஏலாது. ஆனா இரவில ஹொஸ்டல் பின்பக்கம் போய்ப் பாருங்கோ, ஆர் பத்துறதெண்டு. வயசைக் கேக்கிற கடைக்காரரை நான் இன்னும் காணேல்லை.

சலான் | சனி, இரவு 8:30

இங்க 18-தான். கர்நாடகத்துல 2025-ல 21 ஆக்கி, பொது இடத்துல புகைச்சா 1000 ரூபாய்னும் உயர்த்திட்டாங்க. பெங்களூருல படிக்கிறவங்க பழைய கணக்குல இருக்காதீங்க.

ஏழரை_செமஸ்டர் | சனி, இரவு 9:14

அதுக்குத்தான் பசங்க வேப்புக்கு, அதான் இ-சிகரெட்டுக்கு, மாறிட்டாங்க. வாசனையே வராது, மாம்பழ ஃபிளேவர். டெபுடி உள்ள வந்து "யாருடா ஜூஸ் போட்டது?"ன்னு கேட்டுட்டுப் போறார்.

சலான் | சனி, இரவு 9:22

சிரிப்பா இருக்கு, ஆனா இதுதான் இருக்கிறதுலயே பெரிய குழி. இ-சிகரெட்டுக்கு 2019-ல நாடு முழுக்கத் தடை. விக்கிறது, இறக்குமதி, விளம்பரம் மட்டுமில்லை, சேத்து வெச்சிருந்தாலும் குற்றம். சேத்து வெச்சதுக்கு மட்டுமே ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா 50,000 வரை அபராதம், ரெண்டுமே கூட. ரூமுக்கு நாலு டப்பா வாங்கி பீரோவுல வெச்சு நண்பர்களுக்கு "அசல் விலைக்கே" கொடுக்கிற மகராசன் எல்லா ஹாஸ்டல்லயும் ஒருத்தன் இருக்கான். அவன் நினைக்கிறது சேவைன்னு. சட்டம் அதை விற்பனைன்னுதான் படிக்கும்.

டீ_தம் | ஞாயிறு, காலை 11:30

டெபுடி சார் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் குப்பைத் தொட்டி மேட்டர் எனக்கும் நடந்திருக்கு. புகைஞ்சுது, தண்ணி ஊத்தினோம், சிரிச்சோம். இப்ப சிரிப்பு வரல.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். இத்தனை ஃபைன் வசூலிக்கிறாங்களே, ஒரு காலேஜாவது நிறுத்தறதுக்கு வழி சொல்லிக் குடுத்திருக்கா? நான் 27 வயசுல விட்டேன். பாக்கெட்ல படத்துக்குக் கீழ ஒரு நம்பர் போட்டிருக்கும், 1800 11 2356. காசில்லாத நம்பர். ஒரு நாள் வீம்புக்குக் கூப்பிட்டேன். முதல் தடவை விட்டு திரும்ப ஆரம்பிச்சேன், ரெண்டாவது தடவை நின்னுடுச்சு. அந்த நம்பரை மெஸ் வாசல்ல அந்த வெறும் கோட்டுல எழுதினாக்கூட யாருக்காவது உதவும்.

மூணாம்_கட்டில் | அடுத்த புதன், இரவு 10:55

அப்டேட்.

இங்க பழைய டெபுடி சார் சொன்ன மாதிரியே லெட்டர் எழுதினேன். டாக்டர் சர்டிஃபிகேட் வெச்சேன். போர்டு போட்டோவையும் பிரிண்ட் எடுத்து கடைசியா சேத்தேன், ஆனா அதைப் பத்தி லெட்டர்ல ஒரு வரிகூட எழுதல. வார்டன் மூணு பக்கத்தையும் புரட்டினார். போட்டோகிட்ட வந்து நின்னார். "இது எதுக்கு?"ன்னார். "சும்மா சார்"னேன். நாற்காலியைக் காட்டி உக்காரச் சொன்னார். ரெண்டு வருஷத்துல முதல் தடவை.

ஃபைன் ரத்தாகல. ஆனா போர்ட்டல்ல ஏத்தல, கையில கட்டச் சொல்லிட்டார். அன்னிக்கு ராத்திரி ரூம்மேட்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "லெட்டர்ல என் பேர் இருக்கா?"ன்னான். இல்லைன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உனக்கு இவ்வளவு கஷ்டமா இருக்குன்னு ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல"ன்னான். யோசிச்சுப் பாத்தா உண்மைதான், வார்டன் கேட்டதும் இவன் கேட்டதும் ஒரே கேள்வி. இவன் கேட்டப்போதான் உறைச்சுது. டெங்கு கடனை மனசுல வெச்சுக்கிட்டு இத்தனை நாள் மூச்சை அடக்கிட்டு இருந்திருக்கேன்.

என் 2000-ஐ அவனே கட்டினான். ஆயிரம் இப்ப, ஆயிரம் ஒண்ணாந்தேதி. அவனே எழுதிக் கொடுத்து கிரவுண்ட் ஃப்ளோருக்கு மாறிட்டான், அங்க இன்னொரு தம் பார்ட்டியோட. விடலை. கேட்டா செமஸ்டர் முடியட்டும்ங்கிறான். மூணாவது ஆளுக்கு மட்டும் இன்னும் கோவம், அவன் 2000-ஐ யாரும் கட்டலையே. அதுவும் நியாயம்தான், என்ன செய்றதுன்னு தெரியல.

காலி கட்டிலுக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான். சிகரெட் தொட மாட்டான், டீ கூட குடிக்க மாட்டான். ஆனா தினமும் ராத்திரி என் தலைமாட்டுல கொசுவத்தி ஏத்தி வெக்கிறான். சலான் அண்ணா, கொசுவத்திக்கு ஏதாவது பிரிவு இருக்கா?

சலான் | அடுத்த புதன், இரவு 11:03

இல்லை தம்பி. கொசுவலை வாங்கு.

நெஞ்சக_ஓபி | அடுத்த புதன், இரவு 11:06

அவனுக்கும் சேத்து ஒண்ணு வாங்கு. இந்தத் தடவை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லிடு.